ஆறு மணிக்குச் சூடேறும் போன்

நூல்கண்டைத் தேடித் துணிக் குவியலுக்குள் கைவிட்டபோதுதான் ரூபவதிக்கு அது தெரிந்தது. போன் சூடாக இருந்தது. திரை அணைந்து கிடந்தது. மணி அடிக்கவில்லை. வெயிலும் அந்த மேசைக்கு வருவதில்லை. ஆனாலும் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல உள்ளங்கை சுட்டது.

“ஏட்டி மரகதம், இதக் கொஞ்சம் தொட்டுப் பாரு.”

மரகதம் கடையில் ஹூக் கட்டுபவள். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அறிந்தவள். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பழைய போனுல்லா அக்கா. வயசானா எல்லாத்துக்கும் உடம்பு சுடத்தான் செய்யும்” என்றாள். “அது கெடக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிட்டா உங்க லைனே கெடைக்கலைன்னு டீச்சரம்மா சடைக்காவ. எப்பப் பாத்தாலும் பிஸியாம். யாருகிட்ட அவ்வளவு நேரம் பேசுதாவன்னு என்னயப் பிடிச்சுக் கேக்காவ.”

“நான் யாருகிட்டப் பேசுதேன்? உன் முன்னாடிதான உக்காந்து தச்சிட்டிருக்கேன்?”

“அதத்தான் நானும் சொன்னேன். நம்பணும்லா. ரவிக்கைய முடிக்காம ஒளியுதாவன்னு நெனைக்காவ.”

ரூபவதி சிரித்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல, மிகத் தணிந்து ஒரு குரல் கேட்டது.

அது அவளுடைய குரல்.

“சாப்டியா? மாத்திரைய முழுங்குனியா, இல்ல தலகாணிக்கு அடியில வச்சிட்டியா?” என்று கேட்டு அந்தக் குரல் சிரித்தது. மும்பையில் கணவனோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்ததுண்டு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று அவள் தேடியதில்லை. எதிர்ப்பக்கத்துப் பேச்சு அவள் காதில் விழவில்லை. கொஞ்சம் இடைவெளி. பிறகு மறுபடி அவள் குரல், மெதுவாக: “அத நான் எப்பமோ மறந்துட்டேன். நீ ஏன் அதையே நெனச்சுட்டுக் கெடக்க?”

ரூபவதி போனை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு.”

நீ, வா, போ என்று ஒருமையில் பேசும் அளவுக்கு நெருங்கியவர்கள் அவளுக்கு இப்போது யாரும் இல்லை. அப்படியானால் அவள் குரல் யாரை நீ என்கிறது? எதை மறந்துவிட்டதாகச் சொல்கிறது?

அந்த ஆண்டுகளில் எல்லாப் போன்களிலும் நிழல்குரல் வந்துவிட்டிருந்தது. நாம் எடுக்காத அழைப்புகளை நம் குரலிலேயே எடுத்து, நம்மைப் போலவே பதில் சொல்லும். நம் பேச்சைக் கேட்டுக் கேட்டே அது நம்மைக் கற்றுக்கொள்ளும். தையல்காரிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? பண்டிகை நெருக்கத்தில் “என் ரவிக்கை ஆச்சா?” என்று கேட்பவர்களுக்கெல்லாம் “புதன்கிழமை வாங்க, பாத்துத் தாரேன்” என்று சொல்லும் பாரத்தை ரூபவதி மகிழ்ச்சியோடு அதன் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. தையல்காரர்கள் யாருக்குமே வராது. வாய்விட்டு மறுத்தால் வந்தவர் முகம் வாடுமே என்று ஒரு நாள் தள்ளிப் போடுவார்கள். அப்புறம் இன்னொரு நாள்.

மறுநாள் காலையில் அவள் தொலைபேசி நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் பேசினாள். இனிமையான ஒரு பெண்குரல் எடுத்தது. மனுஷிதானா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

“தங்கள் இணைப்பில் ‘மாலைத் துணை’ என்ற ஒப்பந்தம் நடப்பில் உள்ளது” என்றது அது. “நாள்தோறும் மாலை ஆறு மணிக்குத் தங்கள் நிழல்குரல், துணை தேவைப்படும் ஒருவரை அழைத்துப் பேசும். இதற்குத் தாங்கள் ஒப்புதல் அளித்துள்ளீர்கள்.”

“நான் ஒப்புக்கலையே. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது.”

“ஒப்புதல் தங்கள் குரலில் பதிவாகியுள்ளது. சேவை எப்படி இருக்கிறது என்று சென்ற மாதமும் தங்களிடம் கேட்டோம். மனநிறைவாக இருக்கிறது என்றீர்கள்.”

“யாரு சொன்னா?”

“தாங்கள்தான்.”

ரூபவதி போனைக் கீழே வைத்தாள். வேறு யாரோ தன் சேலையைக் கட்டிக்கொண்டு, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய் வந்துவிட்டதுபோல இருந்தது. அன்று கடை அடைக்கும் முன் வழக்கம்போல மேசையில் கைகூப்பி ஜெபித்தாள். அவளுடைய ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வரும். அந்த வரியில் மட்டும் அவள் உதடு அசையும், சத்தம் வராது. பல ஆண்டுகளாக அப்படித்தான். மனிதர் காதில் விழாத ஜெபத்தையும் கேட்கிற ஒருவர் உண்டென்று அவள் நம்பினாள். போனும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. அன்று போனைத் துணிக்குள் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஜெபித்தாள்.

நிறுவனத்தின்மேல் முறையீடு கொடுத்துச் சில வாரம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. வண்ணார்பேட்டையில் மாடியில் இருந்தது அலுவலகம். விசாரணை அதிகாரி ரஹ்மத் நிஷா நடுத்தர வயதுக்காரர். தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி.

“உக்காருங்கம்மா. மாடியேறி வந்திருக்கிய. டீ சொல்லட்டா?”

“இருக்கட்டும்மா. பாக்கலாம்.”

அதிகாரி சிரித்துவிட்டார். “இதத்தாம்மா கம்பெனிக்காரங்களும் எழுதியிருக்காங்க. உங்க பேச்சு முழுசையும் தேடிப் பாத்தாச்சாம். யாருக்குமே நீங்க முடியாதுன்னு சொன்னதில்லையாம். அதனால நிழல்குரலுக்கும் மறுக்கத் தெரியல. இப்பம் சொல்லுங்க, டீ வேணுமா வேண்டாமா?”

“வேணும்” என்றாள் ரூபவதி. அதைச் சொல்வதும் கஷ்டமாகத்தான் இருந்தது.

டீ வந்தது. அதிகாரி தன் பங்கு பிஸ்கட்டையும் அவள் பக்கம் நகர்த்திவிட்டு விளக்கினார்.

“சட்டம் இதுதான். உங்க நிழல்குரல் ஒரு காரியத்துக்குச் சம்மதிச்சா, நீங்க சம்மதிச்ச மாதிரி. ஏன்னா உங்ககிட்டக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பியன்னு எடுத்துக்கிடுவாங்க. இல்லன்னு நீங்க சொன்னா ஒரு வழி உண்டு. அதுகிட்டக் கேட்ட அதே கேள்விய இப்பம் உங்ககிட்டக் கேப்பேன். நீங்க வேற பதில் சொன்னா ஒப்பந்தம் செல்லாது. அது சம்மதிச்ச அன்னையிலேர்ந்து பேசின பேச்சு, கொடுத்த வாக்கு ஒண்ணுமே செல்லாது.”

“எதிர்ல பேசுதவங்க யாரு?”

“முடிவான பெறகுதான் சொல்லலாம். முன்னாடியே தெரிஞ்சா உங்க பதில் மாறிப்போகும்லா.”

“அவங்களுக்குத் தெரியுமா, அது நான் இல்லன்னு?”

“மொத நாள் ஒரு தடவை அது சொல்லிரும். அதுக்கப்புறம் சொல்லாது.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டவங்க கொஞ்ச நாள்ல மறந்திருவாங்க. மறக்கத்தான் நெனைப்பாங்க. நான் நெறையப் பாத்துட்டேன்.”

அவர் எதையோ தொட்டார். அறையில் அந்தப் பதிவு ஒலித்தது. முதலில் நிறுவனத்தின் குரல் கேட்டது: ஒருவர் நாள்தோறும் தங்களை அழைக்கிறார். படுக்கையில் இருக்கிறார். பேச ஆளில்லை. மாலையில் கொஞ்ச நேரம் அவரோடு பேச ஏற்பாடு செய்யலாமா? அதற்கு அவள் குரலில் முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது. மூச்சே இல்லாத ஒன்றுக்குப் பெருமூச்சு எங்கிருந்து வந்தது? பிறகு, “பாவம். தனியாக் கெடக்கவங்களுக்கு வேண்டாம்னு எப்படிச் சொல்லுதது? பேசுதேன்” என்றது.

“இப்பம் நான் கேக்கேன்” என்றார் அதிகாரி. “அதே ஆளு. அதே படுக்கை. பேச ஆளில்ல. சாயங்காலம் பேசுதியளா?”

ரூபவதி வாயைத் திறந்தாள். பாக்கலாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிழல் சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இப்போதும் அதையே சொன்னால், அந்தக் குரலுக்கும் தனக்கும் நடுவே ஊசி நுழையும் இடம்கூட மிஞ்சாது.

“வேண்டாம்” என்றாள். “நான் மாட்டேன். எங்கிட்டக் கேக்காம என் குரல எடுத்துக்கிட்டாங்க. வேண்டாம்.”

“சரிம்மா” என்றார் அதிகாரி. “ஒப்பந்தம் செல்லாது. இப்பமே நிறுத்தியாச்சு.”

அவ்வளவுதான். ரூபவதி ஒரு பாரம் இறங்கும் என்று காத்திருந்தாள். அது இறங்கவில்லை.

அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார். “இதுதான் அந்த நம்பர்.”

அவள் அதைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அவளுடைய அம்மாவின் நம்பர்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், செத்துப்போன அம்மாவோடு தன் குரல் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்துவிட்டாள். பிறகுதான் நினைவு வந்தது. அம்மாவின் போனை நாசரேத்தில் அண்ணன் வைத்திருந்தான். ஜெபசிங் அண்ணன்.

“ஆனா இந்த நம்பர நான் தடுத்துல்லா வச்சிருந்தேன்? பதினோரு வருஷமா.”

“தடுத்து வச்சிருந்திய. ஆனா அழிக்கலையேம்மா” என்றார் அதிகாரி. அவர் குரல் மிருதுவாகியிருந்தது. “தடுத்த அழைப்பும் எடுக்காத அழைப்புதான், நிழல்குரலுக்குப் போயிரும். போன் மாத்தும்போதெல்லாம் இந்த நம்பரையும் கொண்டுபோயிருக்கிய. பதினோரு வருஷமா அழிக்க மனசு வராத நம்பர், வேண்டியவங்க நம்பராத்தான் இருக்கும்னு அது எடுத்துக்கிட்டுது.”

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“அத எப்பமோ மறந்துட்டேன்னு அது அவன்கிட்டச் சொல்லிச்சு” என்றாள் கடைசியில். “என் காதால கேட்டேன். மறந்தேன்னு சொல்ல அது யாரு? எங்கம்மா மொகத்தப் பாக்க விடாம மண்ணுக்குள்ள வச்சவன் அவன். அத மன்னிக்கதா இருந்தா நான்லா மன்னிக்கணும்?”

“அதான் இப்பம் செல்லாமப் போச்சேம்மா” என்றார் அதிகாரி. “ஒப்பந்தத்தோட அந்த மன்னிப்பும் செல்லாது. அப்படின்னு அவருக்கு நான் ஒரு அறிவிப்பு அனுப்பணும். உங்க தங்கச்சி இதுவரைக்கும் சொன்ன எதுவும் உங்க தங்கச்சி சொன்னதில்லன்னு.”

ரூபவதி நிமிர்ந்து பார்த்தாள்.

“அனுப்ப நாளைக்குக் காலையில வரைக்கும் எனக்கு நேரம் உண்டு” என்று அதிகாரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “மத்தவங்களா இருந்தா இப்பமே அனுப்பிருவாங்க. நான் இன்னைக்கு வேற வேலையப் பாக்கேன். நீங்க அந்த பிஸ்கட்டச் சாப்பிடுங்க.”

ஓட்டுநர் இல்லாத பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அம்மா இறந்த செய்தி மும்பைக்கு வந்த அன்று, ரயில் ஏறுமுன் அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நான் வாரது வரைக்கும் அம்மாவ அடக்காம வச்சிரு அண்ணே.” அவன் சரி என்றான். ரயில் தென்னாட்டுக்குள் நுழைந்தபோது போனில் அவன் கிடைக்கவில்லை. பயணப் பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்கே ஓடினாள். மண் ஈரமாக இருந்தது. மேலே வைத்த மாலையில் பூ இன்னும் வாடவில்லை. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் மண்ணின்மேல் விழுந்தாள். அன்று பேச்சை நிறுத்தியவள்தான். ஏன் காத்திருக்கவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் அவன் ஒரு காரணம் சொல்வான். அந்தக் காரணம் நியாயமாக இருந்துவிட்டால் அப்புறம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடைக்கு வந்தபோது மரகதம் கிளம்பத் தயாராக இருந்தாள்.

“என்னாச்சுக்கா? செயிச்சிட்டியளா?”

“செயிச்சிட்டேன்.”

“அப்போ ஏன் மொகம் இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கு? இருங்க, காப்பி வாங்கியாரேன்.”

“வேண்டாம் மரகதம். நீ வீட்டுக்குப் போ.”

மரகதம் வாசலிலேயே நின்றுவிட்டாள். “வேண்டாமா? உங்க வாயில இதக் கேட்டதே இல்லையேக்கா” என்றாள். ஆனாலும் எதிர்க்கடையில் சொல்லிக் காப்பியை அனுப்பி வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ரூபவதி மேசைமேல் இருந்த போனைத் தொட்டாள். குளிர்ந்து கிடந்தது. கத்தரிக்கோலைப் போல, சூடேற்றாத இஸ்திரிப் பெட்டியைப் போல, வெறும் இரும்பாக. நாசரேத்தில் ஒரு வீட்டில் இன்னொரு போனும் இப்போது இப்படித்தான் குளிர்ந்து கிடக்கும். அதன் பக்கத்தில் ஒரு மனிதன் படுத்திருப்பான். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறவன். சின்ன வயதில் அவளுடைய கசப்பு மருந்தையும் அம்மாவுக்குத் தெரியாமல் அங்கேதான் ஒளித்துத் தருவான்.

அவள் கைகூப்பினாள். ஜெபத்தைத் தொடங்கினாள். அந்த வரி வந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அதற்கு மேல் ஜெபமும் போகவில்லை.

கையைப் பிரித்து, தடையை நீக்கி, அந்த நம்பரை அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மூச்சு இரைவது கேட்டது. யாரும் பேசவில்லை. சாப்டியா என்று கேட்கலாம்; அது நிழல் கேட்ட கேள்வி. மறந்துட்டேன் என்று சொல்லலாம். அதுவும் நிழல் சொல்லிவிட்டது. பொய்யாகவும் இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“ரூபி” என்றது எதிர்முனை. குரல் ஒருபக்கம் இழுத்து, வார்த்தை குழறி வந்தது. வாதம் வந்த வாய். “நீதான்னு தெரியும். வச்சிராத.”

அவள் பேசவில்லை.

“அது ஒருநாளும் இப்படிப் பேசாம இருந்ததில்ல. நான் ஒண்ணு சொல்லதுக்குள்ள அது பதில் சொல்லிரும்.” மூச்சு வாங்கினான். “நேத்து சாயங்காலம் அது சொல்லிச்சு. ‘நாளைக்கு நான் வரமாட்டேன் அண்ணே. அவ என்னய வேண்டாம்னு சொல்லிருவா. பெறகு அவளே கூப்பிடுவா. ஆனா பேச மாட்டா. எவ்வளவு நேரமானாலும் நீ போன வைக்காம காத்திரு’ன்னு.”

வண்ணார்பேட்டைக்குப் போக ரூபவதி செருப்பை மாட்டுமுன்பே, இந்த நாள் முழுவதையும் அது அறிந்திருந்தது. அந்த ‘வேண்டாம்’, பேருந்து, இந்த மேசை, இந்த மௌனம், எல்லாவற்றையும். அவள் நடந்த வழியில் எல்லாம் அதுவே முன்னால் போய்த் தடம் பதித்திருந்தது.

“பெறகு?” என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்.

“நானும் கேட்டேன். பெறகு அவ என்ன சொல்லுவான்னு.” அண்ணன் கொஞ்சம் நிறுத்தினான். “அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுது.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அனுப்பி வைத்த காப்பி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. ரூபவதி கண்ணை மூடிக்கொண்டாள். தடம் முடிந்துவிட்டது. இனி அவள் காலை வைக்கும் இடம் அவளுடையது.

“அன்னைக்கு ஏன் அண்ணே காத்திருக்கல?”

எதிர்முனையில் அவன் அழுவது கேட்டது. சரியாக மூடாத வாயால் அழுவதால் அது விசித்திரமாக இருந்தது. ஆனால் அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

“அது இதக் கேக்கவே இல்ல ரூபி” என்றான். “நான் எத்தன தடவ சொல்ல வந்தாலும் மறந்துட்டேன், மறந்துட்டேன்னு என் வாய அடச்சிரும். என்னைக்காவது நீயே வந்து கேப்பியான்னுதான் தெனமும் அதோட பேசிட்டுக் கெடந்தேன்.”

“கேட்டுட்டேன்லா. சொல்லு.”

“சொல்ல நேரமாகும். வாய் சரியா வராது.”

“நேரமானா என்ன?” என்றாள் ரூபவதி. காலால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நான் வைக்க மாட்டேன்.”

அவன் சொல்லத் தொடங்கினான். ஒவ்வொரு வார்த்தையாக, பிரிந்த நூலைக் கோப்பதுபோல, தடுக்கித் தடுக்கி. காதோரம் போன் மெல்லச் சூடேறுவது அவளுக்குத் தெரிந்தது.